தோளில் வைத்தால் புரொபஷனல் ஆகிவிடாது

மேடை நிகழ்ச்சிகளைப் படம்பிடித்துத் தரும் வேலையில் இறங்கலாம் என்று கேம்கார்டர் வாங்கப் போனேன். விற்பனையாளர் தோளில் வைத்து எடுக்கும் பெரிய மாடல் ஒன்றைக் காட்டி, "சார், இது முழுக்க புரொபஷனல். கையடக்கமா இருக்கறதெல்லாம் வீட்டுக்கு" என்றார். தூக்கித் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

முதல் நிகழ்ச்சியிலேயே அதன் சாயம் வெளுத்துவிட்டது. சவுண்ட்காரர் மிக்ஸரிலிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளை (மேடை மைக்குகளுக்குப் போடும் மூன்று முனை கேபிள்) நீட்டி, "இதைச் செருகிக்குங்க" என்றார். செருக இடமே இல்லை. கைப்பிடிக்குக் கீழே ஒரே ஒரு 3.5 மி.மீ. மைக் ஓட்டை. ஒரு கன்வர்ட்டரைத் தேடிப் பிடித்து மாட்டினோம். மிக்ஸரிலிருந்து வருவது லைன் அளவு சிக்னல். மைக் தரும் சிக்னலைவிட அதன் மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். அதை மைக் ஓட்டையில் விட்டால்? இரண்டு மணி நேரப் பாட்டும் கிழிந்த ஸ்பீக்கரில் கேட்பதுபோல் பதிவாகியிருந்தது. அளவைக் குறைக்கத் திருகு கிடையாது, எல்லாம் ஆட்டோ. ஹெட்போன் மாட்டவும் வழியில்லை. அதனால் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நிகழ்ச்சி நடத்தியவர் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது.

படமும் அதே கதிதான். பின்னால் இருட்டு, ஆடுபவர் மேல் மட்டும் வெளிச்சம். கேமரா இருட்டைப் பார்த்து, லென்ஸுக்குள் வெளிச்சம் விடும் துவாரமான ஐரிஸைத் தானாகத் திறந்துவிட, முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர். ஐரிஸுக்குத் தனி வளையம் இல்லை. மெனுவுக்குள் நாலு படி இறங்கி மாற்றுவதற்குள் பாட்டே முடிந்துவிடும்.

அப்புறம்தான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லான சென்சார் 1/4 அங்குலத்தைவிடச் சின்னது. 1 அங்குல சென்சாரின் பரப்பு அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். (அந்த 1 அங்குலமும் பெயரளவில்தான், உண்மையான அகலம் 13.2 மி.மீ.) அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த ஜூம் எண்ணிக்கையில் பெரும்பகுதி டிஜிட்டல் ஜூம். அதாவது படத்தை இழுத்துப் பெரிதாக்கும் வேலை, லென்ஸுக்கு அதில் பங்கில்லை. மொத்தத்தில் கையடக்க கேமராவின் உள்ளுறுப்புகளுக்குப் பெரிய கூடு மாட்டியிருக்கிறார்கள். மிச்ச இடத்தில் எலி குடும்பம் நடத்தலாம்.

திருப்பிக் கொண்டுபோனால், "பெட்டியைப் பிரிச்சிட்டீங்களே சார்" என்று கைவிரித்தார்கள். எக்ஸ்எல்ஆர் அடாப்டர் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளச் சொன்னார் அதே மனிதர். வந்த கோபத்துக்கு ஒன்றும் பேசாமல் வெளியே வந்தேன்.

வீட்டு கேம்கார்டர் மட்டம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் பயணத்துக்கும் அதன் ஆட்டோஃபோகஸ் போதும். ஆனால் அதற்குக் கையடக்கமே நல்லது, கூட்டுக்கு எதற்குக் காசு?

காசுக்கு வேலை செய்பவர் என்றால், கேமரா உடம்பின் அளவைப் பார்க்காதீர்கள். 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தரும் எக்ஸ்எல்ஆர் ஓட்டை இரண்டு, ஒலி அளவுக்குக் கையால் திருகும் குமிழ், ஃபோகஸ், ஜூம், ஐரிஸ் மூன்றுக்கும் தனித்தனி வளையம், உள்ளேயே என்டி ஃபில்டர் (அதிக வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி), ஒரே நேரத்தில் பதியும் இரண்டு கார்டு. இவற்றைக் கண்ணால் பார்க்கும்வரை பணத்தை எடுக்காதீர்கள். கையோடு ஹெட்போனும் ஒரு மெமரி கார்டும் கொண்டுபோய், கடையின் இருட்டு மூலையை எடுத்துப் பாருங்கள். எடுக்க விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.