எடையா, வரம்பா, வரைபடமா: மோதும் நோக்கங்களை அளக்கும் மூன்று வழிகள்

ஒரே அணையிடம் மூன்று வேலை கேட்கிறோம். மின்சாரம் எடுக்க நீர்மட்டம் உயர்ந்து நிற்கவேண்டும். வெள்ளத்தைத் தாங்க அணைக்குள் இடம் காலியாக இருக்கவேண்டும். பாசனத்துக்குப் பருவம் பார்த்துத் திறந்துவிடவேண்டும். பேட்டரி வடிவமைப்பிலும் இதே இழுபறிதான். மின்முனையைத் தடிமனாகப் பூசினால் ஆற்றல் அதிகம் அடங்கும். ஆனால் அயனிகள் கடக்கவேண்டிய தொலைவு கூடுவதால் வேகமாகச் சார்ஜ் ஏறாது.

இத்தகைய சிக்கலைக் கணக்காக்க மூன்று வழிகள் பரவலாகப் புழங்குகின்றன. எல்லா நோக்கங்களுக்கும் எடை, அதாவது எது எவ்வளவு முக்கியம் என்ற எண், போட்டுக் கூட்டிவிடுவது ஒன்று. ஒரு நோக்கத்தை மட்டும் உகப்பாக்கி, மற்றவற்றுக்கு வரம்பு கட்டுவது இன்னொன்று. எதையும் முன்கூட்டித் தீர்மானிக்காமல், விட்டுக்கொடுப்புகள் முழுவதையும் வரைந்து காட்டுவது மூன்றாவது. இவற்றைக் கணினி வேகத்தை வைத்து ஒப்பிடுவோர் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: எதற்காக எதை விட்டுக்கொடுக்கலாம் என்ற தீர்ப்பை யார், எப்போது, பிறர் கேள்வி கேட்கும்படி வெளிப்படையாகச் சொல்கிறார்கள்?

எடைமுறையில் அந்தத் தீர்ப்பு முதல் வரியிலேயே எண்ணாக உறைந்துவிடுகிறது. எளிமையும் வேகமும் அதன் பலம். ஆனால் அலகை மாற்றிப் பாருங்கள். ஒரு திட்டத்தின் ஆற்றல் கிலோவாட் மணியில் 4,000. மெகாவாட் மணியில் அதுவே 4. எடையைத் தொடாமல் அலகை மட்டும் மாற்றினால், ஆற்றலின் குரல் ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க எல்லாவற்றையும் 0 முதல் 1 வரையிலான அளவுக்குச் சுருக்குவார்கள். அப்போது வேறொரு வாசல் திறக்கிறது. பட்டியலில் யாருமே ஏற்காத ஒரு மோசமான திட்டத்தைச் சேர்த்தால் அந்த நோக்கத்தின் வீச்சு, அதாவது மோசமானதற்கும் சிறந்ததற்கும் உள்ள இடைவெளி, நீண்டுவிடும். மற்றத் திட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு சுருங்கும். முதலிடத்தில் இருந்தது இரண்டாமிடத்துக்குப் போகக்கூடும். அந்த இரண்டு திட்டங்களிலும் ஒரு ஆணிகூட மாறியிருக்காது.

இதைவிடக் கடுமையான குறை ஒன்று உண்டு. ஒரு கருவிக்கு மூன்று வடிவமைப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாரத்துக்கும் வெப்பத்துக்கும் புள்ளிகள். இரண்டும் குறைவாக இருப்பதே நல்லது. அ: பாரம் 1, வெப்பம் 9. ஆ: இரண்டும் 6. இ: பாரம் 9, வெப்பம் 1. 'ஆ' எவ்விதத்திலும் தாழ்ந்ததல்ல; 'அ'வைவிடக் குளிர்ச்சியானது, 'இ'யைவிட இலகுவானது. ஆனாலும் எடைமுறை அதை ஒருபோதும் தேர்ந்தெடுக்காது. இரு நோக்கங்களின் எடைகளும் கூடி 1 என்று கொண்டால், 'அ'வை அது வெல்லப் பாரத்துக்குத் தரும் எடை 3/8-க்குக் கீழே இருக்கவேண்டும். 'இ'யை வெல்ல 5/8-க்கு மேலே இருக்கவேண்டும். இரண்டும் ஒருசேர நடக்காது. எடையை எப்படித் திருகினாலும் அந்த நடுவழி கண்ணுக்கே தென்படாமல் போகிறது. தாஸ், டென்னிஸ் ஆகிய இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குறையை விளக்கமாகக் காட்டியது. அதற்குப் பிறகும் எடைக்கூட்டல் ஒன்றை மட்டுமே நம்பி "சமநிலையான தீர்வு" என்று முடிக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது மனம் கசக்கிறது. சமநிலையான தீர்வையே பார்க்கமுடியாத கண்ணாடி அது.

அதே மூன்றையும் வரம்புமுறையில் வைத்துப் பாருங்கள். வெப்பம் 7-ஐத் தாண்டக்கூடாது, அதற்குள் பாரத்தைக் குறை என்று சொன்னால் 'ஆ' உடனே கையில் வந்துவிடும். ஹெய்ம்ஸ், லாஸ்டன், விஸ்மர் மூவரும் 1971-இல் முன்வைத்த இந்த முறை, நீர்வள ஆய்வில் ஆழமாக வேரூன்றியது தற்செயல் அல்ல. ஆற்றுக்குக் குறைந்தபட்ச ஓட்டம் வேண்டும் என்பது, பேரம் பேசிக் கரைக்கக்கூடிய விருப்பம் இல்லை, அது தரை. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் மீதுள்ள கிளென் கேன்யன் அணைக்கு 1996-இல் இப்படித்தான் விதி வகுத்தார்கள். அணை வண்டலைத் தடுத்து நிறுத்தியதாலும், மின்தேவைக்கேற்பத் திறந்துவிடும் நீர் ஏறி இறங்கியதாலும், கீழே கிராண்ட் கேன்யனின் மணல்திட்டுகள் கரைந்துகொண்டிருந்தன. வழக்கமான இயக்கத்தில் பகலில் வினாடிக்கு 8,000 கன அடிக்கும் இரவில் 5,000 கன அடிக்கும் குறையக்கூடாது, 25,000-ஐத் தாண்டக்கூடாது, ஒரு நாளுக்குள் ஏற்ற இறக்கத்துக்கும் எல்லை உண்டு. இதற்குள் மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம்.

வரம்பு கட்டினால் இன்னொரு பரிசும் கிடைக்கும். வரம்பை ஒரு அலகு தளர்த்தினால் முதன்மை நோக்கம் எவ்வளவு கூடும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். பொருளியலார் அதை நிழல் விலை என்பார்கள். ஆற்றில் கூடுதலாக விடும் கடைசிக் கன அடிக்கு எத்தனை மெகாவாட் இழப்பு என்று தெரிந்தபின் நடக்கும் விவாதம் நேர்மையான விவாதம். ஆபத்தும் உண்டு. வரம்பு எண்ணை யாரோ ஒருவர் ஒருநாள் எழுதிவைக்க, அது காலப்போக்கில் இயற்கை விதிபோல நின்றுவிடும். ஏன் 7, ஏன் 6.5 இல்லை என்று எவரும் கேட்பதில்லை.

இலக்கு நிரலாக்கத்தை ஓரிரு வரியில் கடந்துவிடலாம். சார்ன்ஸும் கூப்பரும் 1950-களில் வளர்த்தெடுத்த அந்த முறை, ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு இலக்கு வைத்து விலகலைக் குறைக்கும். இலக்கைத் தாழ்வாக வைத்தால், எல்லா வகையிலும் மேலான தீர்வு பக்கத்திலேயே இருக்க, அதைத் தொடாமல் நின்றுவிடும்.

மூன்றாவது வழியான வரைபடம் இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோவின் பெயரைத் தாங்கியது. ஒன்றைக் கெடுக்காமல் இன்னொன்றை மேம்படுத்தவே முடியாத தீர்வுகள் எல்லாம் சேர்ந்ததுதான் பரேட்டோ எல்லை. ஐ.ஐ.டி. கான்பூரிலிருந்து கல்யாண்மய் தேப் குழுவினர் 2002-இல் வெளியிட்ட 'என்எஸ்ஜிஏ-2', பரிணாமத்தைப்போலத் தலைமுறை தலைமுறையாகத் தீர்வுகளைச் செம்மைப்படுத்தும் கணினி நெறிமுறை, இதைத் தேடும் வேலையைப் பரவலாக்கியது. 'ஆ' போன்ற நடுவழிகள் இங்கே ஒளிந்துகொள்ள முடியாது. இதற்குக் கொடுக்கும் விலைதான் நேரம். 100 தீர்வுகளை 200 தலைமுறை ஓட்டினால் 20,000 உருவகிப்புகள், அதாவது கணினியில் நடத்திப் பார்க்கும் சோதனைகள். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலே ஒற்றைக் கணினியில் ஏறக்குறைய இரண்டு வாரம்.

நோக்கங்கள் பெருகினால் வரைபடமும் திணறும். தொடர்பில்லாமல் எடுத்த இரண்டு தீர்வுகளில் ஒன்று மற்றொன்றை எல்லாவிதத்திலும் மிஞ்ச, இரு நோக்கங்கள் என்றால் இரண்டில் ஒரு வாய்ப்பு. பத்து நோக்கங்கள் என்றால் 512-இல் ஒன்று. கிட்டத்தட்ட எல்லாமே "சிறந்தவை" ஆகிவிடும்போது வரைபடம் எதையும் கழித்துத் தருவதில்லை. தேர்வு மறுபடி மனிதர் தலையில் வந்து விழுகிறது.

ஆகவே என் வரிசை இது. உயிருக்கும் ஆற்றுக்கும் ஆன தரைகளை முதலில் வரம்பாக்குவேன். மிஞ்சும் நோக்கங்களை இரண்டு மூன்றாகக் குறைத்து அந்த எல்லைக்குள் வரைபடம் போடுவேன். எடை கடைசியில்தான், அதுவும் பாதிப்புக்கு உள்ளாகிறவர்களிடம் கேட்டு. கேட்கும் விதத்தில் கவனம் தேவை. "இது எவ்வளவு முக்கியம்?" என்று கேட்டால் வீச்சுச் சிக்கல் திரும்பி வந்துவிடும். "எல்லாம் மோசமான நிலையில் இருக்கிறது, இந்த அளவிலிருந்து அந்த அளவுவரை எதை முதலில் உயர்த்துவீர்கள்?" என்று கேட்பதே சரி. கிளென் கேன்யனின் 1996 விதிகளை மறுபரிசீலனை செய்தபோது, தொடர்புடைய தரப்பினரிடம் இவ்வகையில்தான் எடை கேட்டார்கள். புதிய இயக்கத் திட்டம் 2016 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது, இருபது ஆண்டுக்காலத்துக்கு.