ஆலை மூடிய ஊர்களின் தலைக்கணக்கு: ஒரு தரவுத் தளத்தின் மதிப்புரை

ஆலை மூடப்பட்ட ஊர்களில் மக்கள்தொகை எப்படி மாறுகிறது என்பதை எண்களோடு அறிய விரும்புவோருக்கு, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டேட்டா.சென்சஸ்.கவ் (data.census.gov) தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கட்டணம் இல்லை, பெயரைப் பதிவு செய்யவும் வேண்டியதில்லை. ஆனால், தேடலில் நகரமா, சுற்றுவட்டாரமா என எந்த எல்லையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் கவனம் பிசகினால் விடையே மாறிவிடும்.

டெட்ராய்ட் நகரில் 1950இல் ஏறத்தாழ 18.5 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2020இல் எஞ்சியவர்கள் 6.39 லட்சம் பேர். இவ்விரு எண்களை மட்டும் பார்ப்பவர், மோட்டார்த் தொழில் நலிந்ததால் பன்னிரண்டு லட்சம் பேர் அந்த வட்டாரத்தையே காலி செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். எல்லையை, நகரும் புறநகர்களும் சேர்ந்த 'பெருநகரப் பகுதி' என்று மாற்றினால் 2020இன் தொகை 43.9 லட்சமாகிறது; 1970இலும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆலைகளும் வெள்ளையர் குடும்பங்களும் புறநகருக்கு நகர்ந்தன. அங்கே வீடு மறுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் வேலை குறைந்துகொண்டே வந்த நகருக்குள் நெடுங்காலம் அடைபட்டிருந்தன. வட்டாரம் அடைந்த உண்மையான இழப்பு தேக்கம்தான்: அதே ஐம்பது ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை 20 கோடியிலிருந்து 33 கோடியாக உயர்ந்திருக்கிறது.

ஓஹையோ மாநிலத்தின் எஃகு நகரமான யங்ஸ்டவுனின் கதை வேறு. 1977 செப்டம்பர் 19 அன்று அங்குள்ள பெரிய எஃகு ஆலை ஒன்றை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் வேலைகள் பறிபோயின, அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் மூடின. 2020இல் நகரம் 60,068 பேராகச் சுருங்கியதோடு நிற்காமல், 1970இல் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்த மஹோனிங் கவுண்டியும் (நகரைச் சூழ்ந்த மாவட்டம்) 2.29 லட்சமாகக் குறைந்தது. இங்கே வட்டாரமே தேய்ந்திருக்கிறது.

மொத்தத் தொகையோடு நின்றுவிடாமல், தேடல் பெட்டியில் பி01001 (B01001) என்று தட்டி வயதுவாரி அட்டவணையையும் பாருங்கள். வேலை போனதும் முதலில் கிளம்புபவர்கள் இளையவர்கள். அவர்களோடு பிறக்கவேண்டிய குழந்தைகளும் போய்விடுவதால், பிறகு ஒருவர்கூட வெளியேறாவிட்டாலும் இறப்பு பிறப்பை மிஞ்சுகிறது. பி25002 (B25002) அட்டவணை காலி வீடுகளைக் காட்டும். இவ்விரண்டும் எல்லோரையும் எண்ணாமல், மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து பெற்ற மதிப்பீடுகள். சுமார் நாலாயிரம் பேர் வாழும் 'ட்ராக்ட்' எனும் சிறு கணக்கெடுப்புப் பகுதி அளவுக்கு இறங்கும்போது, மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் தரப்படும் பிழை எல்லையைப் படிக்காமல் எதையும் எடுத்தாள வேண்டாம். பிழை எல்லை அகலமாக இருந்தால், இரண்டு ட்ராக்ட்டுகளுக்கு இடையே தெரியும் வேறுபாடு வெறும் மாதிரிப் பிழையாகவே இருக்கலாம்.

இத்தளத்தின் மக்கள்தொகை அட்டவணைகள் 2000 முதலான ஆண்டுகளுக்கே உள்ளன. மேலே தந்த 1950, 1970 எண்கள் உட்பட, ஆலைகள் மூடிய காலத்தை அறிய, துறை தனியே வைத்திருக்கும் பழைய அச்சுத் தொகுதிகளின் படிகளைப் புரட்ட வேண்டும். அந்த உழைப்பு வீண்போகாது. 1980 கணக்கெடுப்பில் ஒரு பகுதி மக்களிடம் 1975 ஏப்ரல் 1 அன்று எங்கே குடியிருந்தார்கள் என்று கேட்கப்பட்டது. யங்ஸ்டவுன் ஆலை மூடலுக்கு முன்னும் பின்னும் அவர்கள் வாழ்ந்த இடங்களை அந்த ஒரு கேள்வி ஒருங்கே பதிந்துவைத்திருக்கிறது.