கரைப்பதா, சுடுவதா: தூண்டில் வளைவுக் கல்லும் எண்ணூர்ச் சேறும்

திருவொற்றியூரில் எங்கள் தெரு முடியும் இடத்தில், கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவு. அங்கே கிடந்த ஒரு கருங்கல் சில்லும், எண்ணூர் முகத்துவாரத்தில் அள்ளிய ஒரு டப்பா சேறும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும், எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளக்க வேண்டும். அமிலத்தில் கரைத்துக் கொடுப்பதா, லேசரால் சுட்டுத் துகளாக்கிக் கொடுப்பதா?

எப்படிக் கொடுத்தாலும் கருவிக்குள் நடப்பது ஒன்றுதான். பல ஆயிரம் டிகிரிச் சூட்டில் எரியும் ஆர்கான் பிளாஸ்மா மாதிரியை அயனிகளாக்கும். நிறைமானி அவற்றை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும்.

சேற்றுக்குக் கரைசல்தான். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேற்றில் மொத்தமாக எவ்வளவு ஆர்சனிக், எவ்வளவு ஈயம் என்பதே என் கேள்வி. லேசர் சுடும் புள்ளி 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே இருக்கும். ஒரு புள்ளி குவார்ட்ஸ் மணலில் விழும், அடுத்தது சாம்பல் உருண்டையில் விழும். புள்ளிக்குப் புள்ளி எண் மாறும். நன்றாக அரைத்துக் கரைத்தால் டப்பா முழுவதற்கும் ஒரே பதில் கிடைக்கும். ஆனால் முகத்துவாரச் சேறு உப்புச் சேறு. அதிலுள்ள குளோரின்-35, பிளாஸ்மாவின் ஆர்கான்-40 உடன் ஒட்டினால் நிறை 75. ஆர்சனிக்கின் நிறையும் 75! கவனிக்காவிட்டால் உப்பையே நஞ்சு என்று எழுதிவிடுவோம். கருவிக்குள் ஹீலியம் நிரப்பிய மோதல் அறையில் இந்தப் போலியைப் பெருமளவு வடிகட்டலாம். ஊர் மக்கள் நம்பிப் படிக்கப்போகும் எண் இது; ஆய்வகத்திடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

கரைக்கும் வேலையும் லேசானதல்ல. மணலிலும் களிமண்ணிலும் உள்ள சிலிகேட்டை உடைக்க ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேண்டும். அது கண்ணாடியைத் தின்னும், அதனால் டெஃப்ளான் பாத்திரம். தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு பக்கத்தில் இல்லாமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

கல் சில்லுக்கு நான் லேசர் பக்கம். கல் சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை வைத்து நிலவியலாளர் ஹாலண்ட் 1893-ல் இட்ட பெயர் அது. இதன் வயதைச் சொல்வது உள்ளிருக்கும் சிர்கான் என்ற கனிமத்தின் சிறு மணிகள். அவற்றிலுள்ள யுரேனியம் மெல்லச் சிதைந்து ஈயமாகும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு. மிஞ்சிய யுரேனியத்தோடு சேர்ந்திருக்கும் ஈயத்தை ஒப்பிட்டு அளந்தால் வயது வரும். சிர்கான் சாதாரண அமிலச் சமையலில் சரியாகக் கரையாது. அழுத்தக் கலனில் கரைத்தாலும் மணியின் நடுவும் விளிம்பும் கலந்துபோகும். நடு முதலில் படிகமான காலம், விளிம்பு பின்னால் வெந்து வளர்ந்த காலம். லேசர் இரண்டையும் தனித்தனியே தொடும். பிழை சுமார் ஒரு சதவீதம். 250 கோடி ஆண்டுக் கல்லில் அதுவே இரண்டரைக் கோடி ஆண்டு. அதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் டிம்ஸ் கருவி: ஈயத்தைப் பிரித்தெடுத்து ரீனியம் இழையில் வைத்துச் சூடாக்கி அளப்பது. மணிக்கணக்கில் ஆகும், செலவும் அதிகம்.

சேற்றிலுள்ள ஈயம் சாம்பலிலிருந்து வந்ததா, 2000 வரை ஓடிய ஈயப் பெட்ரோலின் மிச்சமா என்று, நிறை வேறுபட்ட ஈய அணுக்களின் விகிதத்தை வைத்துப் பிரிக்க நினைத்தால் மட்டும் டிம்ஸுக்குப் போவேன், அதுவும் இரண்டு மூன்று மாதிரிக்கு. இப்போதைக்குச் சேற்றைக் காயவைத்திருக்கிறேன். கல்லை உடைத்துச் சிர்கானைப் பொறுக்க வேண்டும்.