டெர்மினலில் ஜிமெயில்: ஆல்பைன் எப்படி?

மெதுவான இணைய இணைப்பிலும், எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழைந்த சர்வரிலும் அஞ்சல் படிக்க ஆல்பைனுக்கு இணை இல்லை. எழுத்து மட்டுமே காட்டும் டெர்மினல் திரையில் இயங்கும் அஞ்சல் நிரல் இது. சர்வரில் இருக்கும் அஞ்சலைப் படிப்பதற்கான நெறிமுறையான ஐமேப்பை வகுத்த மார்க் கிறிஸ்பின் எழுதிய சி-கிளையன்ட் நிரல் நூலகத்தின் மேல் எழுந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் என்ற அஞ்சல் நிரலுக்கு வாரிசாக 2007இல் வந்தது. இன்பாக்ஸில் 40,000 கடிதங்கள் கிடந்தாலும், திரையில் தெரிகிற வரிகளுக்கான விவரத்தை மட்டும் சர்வரிடம் கேட்டு வாங்கும். 10 எம்பி அட்டாச்மென்ட் உள்ள கடிதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் வரும். அட்டாச்மென்ட்டைத் திறக்கவோ சேமிக்கவோ சொன்னால்தான் அது இறங்கும். ஆனால் வரிசை முறையை 'அரைவல்' (வந்த வரிசை) என்பதிலேயே விட்டுவிடுங்கள். ஜிமெயில் சர்வர் தானே வரிசைப்படுத்தித் தராது. தேதி, அனுப்புநர் என்று மாற்றினால் அத்தனை கடிதங்களின் விவரத்தையும் இழுத்துத்தான் ஆல்பைன் அடுக்க வேண்டியிருக்கும்.

டெபியன், உபுன்டு ஆகிய லினக்ஸ்கள் இரண்டிலும் இதே பெயரில் கிடைக்கிறது. அமைப்புகளுக்கான கான்ஃபிக் கோப்பைக் கையால் எழுத வேண்டாம். முதல் திரையில் எஸ், அடுத்து சி அடித்தால் அமைப்புப் பக்கம் வரும். 'இன்பாக்ஸ் பாத்' வரியில் சர்வர் பெயராக ஐமேப் டாட் ஜிமெயில் டாட் காம். இடைவெளி விடாமல் சாய்கோடு, எஸ்எஸ்எல், சாய்கோடு, யூசர், சமக்குறி, முழு முகவரி. போர்ட் 993ஐ அதுவே எடுத்துக்கொள்ளும். கடிதம் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி வரியில் போர்ட் 587, டிஎல்எஸ்.

பலர் தடுக்கி விழுவது பாஸ்வேர்டில். 2022 மே மாதத்திலிருந்து வழக்கமான கூகுள் பாஸ்வேர்டு இங்கே செல்லாது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, இத்தகைய நிரல்களுக்கென்று கூகுள் தனியாகத் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்க வேண்டும். நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுவார்கள், சேர்த்தே அடியுங்கள்.

அடுத்தது அனுப்புநர் முகவரி. லினக்ஸ் லாகின் பெயரையே ஆல்பைன் போட்டுவிடும். 'கஸ்டமைஸ்டு ஹெடர்ஸ்' வரியில் ஃப்ரம் என்று எழுதி முழு முகவரியைக் கொடுத்தால் சரியாகும். அனுப்பிய கடிதத்தின் நகல் சேரும் ஃபோல்டரைக் குறிக்கும் 'டிஃபால்ட் எஃப்சிசி'யில் வெறும் இரட்டை மேற்கோள் குறிகளை மட்டும் இடுங்கள். அனுப்பிய கடிதத்தின் நகலை ஜிமெயிலே வைத்துக்கொள்கிறது. இரண்டாவது நகல் வீண்.

டி அடித்து நீக்கியது உண்மையில் அழிவதில்லை. ஜிமெயிலின் வழக்கமான அமைப்பில் அது இன்பாக்ஸை விட்டு 'ஆல் மெயி'லுக்குள் ஒதுங்கும். ஒழித்தே ஆகவேண்டிய கடிதத்தை எஸ் அடித்து 'டிராஷ்' ஃபோல்டருக்கு அனுப்புங்கள்.

தமிழ்க் கடிதங்கள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் குறை ஆல்பைனில் இல்லை. சர்வரின் மொழி அமைப்பான லோக்கேல், தமிழ் எழுத்துகளைக் கையாளும் யுடிஎஃப்-8 குறியீட்டில் இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்த பிறகும் கொம்பும் காலும் உள்ள எழுத்துகளின் அகலத்தைச் சில டெர்மினல்கள் தப்பாகக் கணக்கிடும். பட்டியலில் தலைப்பு வரிகள் நேர்கோட்டில் நிற்காமல் நகரும். தமிழில் நிறையக் கடிதம் வருபவர்கள் இரண்டு மூன்று டெர்மினல்களை மாற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.