காரை கல்லுக்காட்டுக்கு பசங்கள கூட்டிட்டு போன டீம்: 5க்கு மூணரை

திருச்சில ஒரு எய்டட் ஸ்கூல்ல 7, 8 வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கறேன். வருஷா வருஷம் டூர்னா முக்கொம்பு, கல்லணை, மிஞ்சிப்போனா கோளரங்கம், மூணுலயும் பசங்க பண்றது ஒண்ணுதான், சிப்ஸ் திங்கறது. இந்த வருஷம் ஹெச்எம் கைல கால்ல விழாத குறையா கேட்டு பெர்மிஷன் வாங்கி பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரமும், காரைங்கற ஊர்ல இருக்கற பாசில் காடும் (கல்லா மாறிப்போன பழங்கால உயிருங்க கெடக்கற பொட்டல்) போனோம். நாங்களா போகல, ஸ்கூல் பசங்களுக்கு அவுட்டோர் சயின்ஸ் ட்ரிப் நடத்தறோம்னு வந்த ஒரு சின்ன டீம் மூலமா போனோம். தலைக்கு 650 ரூபா, வேன் சாப்பாடு கைடு கிட் எல்லாம் சேத்து. 46 பசங்க, நாங்க டீச்சர்ஸ் 4 பேர். டீம் பேர் போடல, இப்பதான் தொழில ஆரம்பிச்சிருக்காங்க, பேர் போட்டு கிழிக்கற அளவுக்கு கெட்டவங்களும் இல்ல. ஆனா இந்த மாதிரி யாரையாவது புக் பண்ண போற டீச்சர்ஸ் இதை படிச்சிட்டு போங்க.

மொதல்ல கொறைய சொல்லிடறேன், ஏன்னா அன்னைக்கு வயிறு எரிஞ்சது அதுக்குத்தான்.

காலைல 6 மணிக்கு வேன்னு சொன்னாங்க, வந்தது 7:40. அந்த ஒன்னரை மணி நேரம் போனா என்னன்னு நெனைப்பீங்க, அது அப்படியே மத்தியானம் வெயில்ல போய் விடியும். காரைல மரமே கெடையாது. நெசமாவே கெடையாது, மழைத்தண்ணி வரிவரியா அறுத்து வெச்ச மண்ணு மேடும் பள்ளமும்தான் கண்ணுக்கு எட்டுன வரைக்கும். பிப்ரவரி மாசந்தானேன்னு நாங்களும் அசால்ட்டா இருந்துட்டோம், 11 மணிக்கு எறங்குனப்பவே மண்டை காஞ்சுது. தண்ணி 20 லிட்டர் கேன் ரெண்டு, 50 பேருக்கு. ரெண்டாவது கேன் ஒரு மணிக்கே காலி, டிரைவர் அண்ணன் புண்ணியத்துல பக்கத்து ஊர்ல போய் வாங்கிட்டு வந்தார். டாய்லெட் பத்தி ஃபோன்ல கேட்டப்ப "எல்லாம் அரேஞ்ச் பண்ணிருக்கோம் மேடம்"னாங்க, அந்த அரேஞ்ச்மென்ட் என்னன்னா பாடாலூர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். பொம்பள புள்ளைங்க 24 பேரு, ஏழாவது எட்டாவது படிக்கறதுங்க, எதுக்கு கேக்கறோம்னு கூடவா புரியாது. அடுத்த தடவை போறவங்க முந்துன நாளே எந்த எடம், எத்தனை ரூம், தண்ணி வருதான்னு வாயத்தெறந்து கேட்டுடுங்க.

10 பசங்களுக்கு ஒரு கைடுன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க. வந்தது ரெண்டு பேர். அதுல ஒருத்தர் ஃபுல்லா வீடியோ எடுக்கற வேலை.

அப்புறம் மியூசியம். அரியலூர் பக்கம் வாரணவாசில பாசில் மியூசியம் இருக்கு, மத்தியானம் அங்கன்னு ப்ரோக்ராம்ல போட்டிருந்தாங்க. நாங்க போனது வெள்ளிக்கிழமை. அரசு மியூசியங்களுக்கு பொதுவா வெள்ளிக்கிழமை லீவுன்னு இந்த டீமுக்கு தெரியல, வேன் கெளம்பறப்ப யாருக்கோ ஃபோன் போட்டு கேட்டுட்டு "மேடம் ஒரு சின்ன சேஞ்ச்"ங்கறாங்க. இது அவங்க தொழிலுங்க, இத கூட பாக்கலன்னா எதுக்கு அவங்க. அந்த பார்ட்டுக்கு காசு திருப்பி குடுங்கன்னு கேட்டேன், தலைக்கு 50 ரூபா கொறைச்சாங்க, சண்டை போட்டதுக்கு அப்புறம்.

இவ்ளோ திட்டிட்டு ஏன் மூணரை குடுத்தேன்னா, அந்த கைடு பையனுக்காக. முழுக்க அந்த பையனுக்காகத்தான். ஜியாலஜி எம்எஸ்சி முடிச்சவன், 24, 25 வயசிருக்கும், கால்ல சாதா செருப்பு, தோள்ல ஒரு ஜோல்னா பை. பாத்தவுடனே எனக்கு பெருசா நம்பிக்கை வரல.

மொதல்ல சாத்தனூர். வேலி போட்டு வெச்சிருக்காங்க, உள்ள ஓடை மாதிரி பள்ளத்துல மரம் கெடக்கு, 18 மீட்டர் நீளம், பாத்தா வெட்டிப்போட்ட பனை மாதிரியே இருக்கும், கிட்டப்போனா கல்லு. ஜியாலஜிக்கல் சர்வே போர்டு வெச்சிருக்கு, அந்த டிபார்ட்மென்ட்ல இருந்த எம். எஸ். கிருஷ்ணன்தான் 1940ல இதை கண்டுபிடிச்சு சொன்னவர். இது பூக்காத மர வகை, 10 கோடி வருஷத்துக்கு மேல முந்தி கடல் உள்ள ஏறி வந்தப்ப மண்ணுல பொதைஞ்சு, மரம் மக்கறதுக்குள்ள தண்ணில கரைஞ்சிருந்த சிலிக்கா உள்ள எறங்கி மரம் இருந்த எடத்த கொஞ்சங்கொஞ்சமா புடிச்சுக்கிச்சு. இதெல்லாம் பசங்களுக்கு ஒரு காதுல போய் இன்னொரு காதுல வந்துச்சு, உண்மைய சொல்லணும்ல. வேலிக்கு வெளிய நின்னு பாக்கற எடம், போட்டோ எடுத்தோம், 20 நிமிஷத்துல முடிஞ்சது. "இதுக்கா மிஸ் வந்தோம்"னு ஒருத்தன் கேட்டான், நானும் மனசுக்குள்ள அதத்தான் கேட்டுட்டு இருந்தேன்.

காரைல எறங்குனதும் அந்த பையன் லெக்சர் எதுவும் குடுக்கல. ஒரு மேட்டுல நிக்க வெச்சு, இங்க இருந்து அந்த ஓடை வரைக்கும் உங்க ஏரியா, 20 நிமிஷம், மண்ணு மாதிரி இல்லாத எதையாவது கண்டுபிடிச்சு காட்டுங்க, பேர் மட்டும் என்கிட்ட கேக்கக்கூடாது, அவ்ளோதான் சொன்னான். பசங்க அஞ்சு நிமிஷம் ஓடி ஆடிட்டு "அண்ணா ஒண்ணுமே இல்ல"ன்னு வந்து நின்னதுங்க. "நின்னா தெரியாதுடா, குத்தவெச்சு உக்காந்து பாரு, ஒரு முழம் எடம் போதும்"னான். உக்காந்துச்சுங்க. அப்புறம் நடந்தத என் 14 வருஷ சர்வீஸ்ல பாத்ததில்ல, 46 பசங்க சத்தமே இல்லாம மண்ண பாத்துட்டு இருக்குதுங்க.

என் கிளாஸ்ல ஒரு பையன் இருக்கான், ஜூன்ல இருந்து வாயே தெறக்காதவன். அவன்தான் மொதல்ல வந்தான். "மிஸ், பல்பம் கெடக்குது." சுண்டுவிரல் தடிமன்ல, தேன் கலர்ல, ஒரு முனை கூரா, நெசமாவே சிலேட்டு பல்பம் மாதிரிதான் இருந்துச்சு. பத்து நிமிஷத்துல ஆளாளுக்கு பல்பம். கைடு ஒண்ண வாங்கி ஒடைஞ்ச பக்கத்த லென்ஸ்ல காட்டுனான், நடு மையத்துல இருந்து சைக்கிள் கம்பி மாதிரி கோடு கோடா பிரிஞ்சு போகுது. இது செடியா, எலும்பா, கல்லான்னு பசங்கள சண்டை போட விட்டுட்டு சும்மா நின்னான். அப்புறம் கேட்டான், "யார் வீட்டுல லவ் பேர்ட்ஸ் இருக்கு?" ஒரு பொண்ணு கைய தூக்குச்சு. "கூண்டுல வெள்ளையா ஒண்ணு கட்டி தொங்க விடுவீங்களே, அது என்ன?" "கடல் நுரைண்ணா, நாட்டு மருந்து கடைல வாங்குவாங்க." "அது நுரை இல்ல பாப்பா, கணவாய் ஒடம்புக்குள்ள இருக்கற ஓடு. நீங்க கைல வெச்சிருக்கறதும் அதே மாதிரி உள்ள இருந்ததுதான், கணவாயோட சொந்தக்காரன், 10 கோடி வருஷத்துக்கு முந்தி இந்த எடத்துல நீந்திட்டு இருந்தவன்." அப்பதான் பெலம்னைட்னு பேரே சொன்னான். இன்னைக்கு கடல் அங்கிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, அந்த புள்ளைங்க மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்.

நானா இருந்தா மொதல்லயே பேர போர்டுல எழுதி, ஸ்பெல்லிங் சொல்லி, அடிக்கோடு போட்டு, எல்லாத்தையும் கொன்னுருப்பேன்.

அடுத்தது கண்ணாடி மாதிரி தகடு தகடா மண்ணுக்குள்ள இருந்து நீட்டிட்டு இருக்கும், வெயில்ல மின்னும், பசங்க வைரம்னு கத்துச்சுங்க. நகத்தால கீறிப்பாருன்னான். கோடு விழுந்துச்சு. "நகத்துக்கே தாங்காதது வைரமா?" ஜிப்சம். அப்புறம் கண்ணுக்கு மருந்து விடற மாதிரி ஒரு சின்ன பாட்டில்ல சமையல் வினிகர், பல்பத்த சுரண்டி பொடியாக்கி அதுமேல ஒரு சொட்டு விட்டா நொரை வருது, ஜிப்சம் பொடி மேல விட்டா சும்மா கெடக்கு. ரெண்டுலயும் கால்சியம் இருக்கு, ஒண்ணு கார்பனேட்டு இன்னொன்னு சல்பேட்டு. இது எட்டாவதுக்கு ஆசிட் பாடத்துக்கே ஆகும், அஞ்சு ரூபா செலவில்ல.

அம்மோனைட், அதான் நத்தை மாதிரி சுருண்ட ஓடு இருந்த பழங்கால கடல் பிராணி, முழுசா ஒண்ணும் கெடைக்கல, அதையும் சொல்லிடறேன். நோட்டீஸ்ல வண்டிச்சக்கரம் சைஸ்ல படம் போட்டிருந்தாங்க, எங்களுக்கு மாட்டுனது விரல் நீளத்துல வரிப்போட்ட ஒடைசல் ரெண்டு. நோட்டீஸ் அட்டைல டைனோசர் வேற, எவன் டிசைன் பண்ணானோ. பசங்க வழியெல்லாம் டைனோசர் டைனோசர்னு வந்து கடைசில, இது கடல்டா கடல்ல ஏது டைனோசருன்னு கைடுதான் சமாளிச்சான், டைனோசர் எலும்பு கெடச்சது அரியலூர் மாவட்டம் கல்லமேடு பக்கம்னு சொன்னான். 1840கள்லயே வெள்ளக்கார ஆபீசருங்க இந்த பக்கத்து சிப்பியெல்லாம் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினது, அப்புறம் பிளான்ஃபோர்டுங்கற ஜியாலஜிஸ்ட் ஊர் ஊரா சுத்தி மேப் போட்டது எல்லாம் சொன்னான். இங்க இருக்கற பாறை அடுக்குக்கு ஊட்டத்தூர்னுதான் உலகம் பூரா பேருன்னதும் ஒரு பொண்ணு எந்திரிச்சு "அண்ணா அது எங்க அம்மாச்சி ஊரு"ன்னுச்சு. வேன் ஏறுற வரைக்கும் அது தரைல நடக்கல.

ஒரே ஒரு விஷயம் இன்னும் உறுத்துது. கைடு பையன் போறப்ப கறாரா சொன்னான், பாத்தத பாத்த எடத்துலயே வெச்சிடுங்க, அடுத்து வர ஸ்கூலுக்கும் வேணும்னு. பசங்க பாக்கெட்ட தட்டி தட்டி காட்டிட்டு வெச்சிட்டு வந்துச்சுங்க, அந்த பேசாத பையன் பல்பத்த கீழ வைக்க மனசில்லாம ரெண்டு தடவை திரும்பி பாத்தான். சாயந்திரம் வேன்ல அந்த வீடியோ எடுத்த ஆளு கிட்டுன்னு ஒரு கவர் குடுத்தார், உள்ள ஒர்க்‌ஷீட்டு, பென்சில், ஒரு துண்டு பாசில். எங்க இருந்து பொறுக்குனீங்கன்னு கேட்டேன், சிரிக்கறார். நீங்களே சொல்லிட்டு நீங்களே குடுத்தா பசங்க எதை எடுத்துக்கும்? 46 கவர்லயும் இருந்த கல்ல திருப்பி வாங்கி கைடு கைல குடுத்துட்டேன், அவனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு, அவன் பண்ண தப்பு இல்ல பாவம். ஒர்க்‌ஷீட்டு ஃபுல்லா இங்கிலீஷ், எங்க பசங்க தமிழ் மீடியம்னு புக் பண்றப்பவே சொல்லியிருந்தேன்.

போறவங்களுக்கு: டிசம்பர் ஜனவரில போங்க, விடியறப்ப கெளம்பி 10 மணிக்குள்ள காரைய முடிச்சிட்டு திரும்பறப்ப சாத்தனூர் பாருங்க, பாசில தொட்டு பாத்துட்டு போனா அந்த மரம் புரியும். வெள்ளிக்கிழமை வேண்டாம். மழை பேஞ்ச மறுநாளும் வேண்டாம், அந்த களிமண்ணு கால வாரிடும். தொப்பி, ஷூ, தலைக்கு 2 லிட்டர் தண்ணி. நான் அடுத்த வருஷமும் இவங்களத்தான் கூப்பிடுவேன், அந்த பையன் வர்றானான்னு மட்டும் கேட்டுட்டு.

திங்கக்கிழமை கிளாசுக்கு போனா மேஜை மேல வினிகர் பாட்டிலு. சாக்பீஸ் டப்பால இருந்து ஒண்ண எடுத்து பொடி பண்ணி சொட்டு விட்டுட்டு நாலு பேரு சுத்தி நிக்கறானுங்க, நொரை வரல. புஸ்தகத்துல சுண்ணக்கட்டின்னு தானே மிஸ் இருக்கு, சுண்ணாம்புன்னா பொங்கணும்லன்னு ஒருத்தன். அந்த பேசாத பையன் முழு சாக்பீஸ் ஒண்ண எடுத்து நகத்தால கீறி என்கிட்ட நீட்டுனான். "மிஸ், இது ஜிப்சம். ஏமாத்தி வித்திருக்காங்க."