ஸ்பெக்ட்ராலிஸ் ஓசிடி: முதல் ஸ்கேனிலேயே கவனம் வேண்டும்

ஓசிடி என்பது விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஸ்கேன். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் எஞ்சினியரிங் தயாரிக்கும் ஸ்பெக்ட்ராலிஸ் கருவியின் பெரும்பலம், போன முறை எடுத்த அதே இடத்துக்குத் திரும்பிப் போவது. ஒரு கதிர் விழித்திரையின் ரத்தக் குழாய்களைக் கண்காணிக்க, இன்னொன்று ஸ்கேன் எடுக்கிறது. கண் அசைந்தால் ஸ்கேனும் கூடவே நகர்கிறது. கண்ணில் ஊசி போட்டபின் மேக்குலாவின் (விழித்திரையின் மையப் பகுதி) வீக்கம் வடிந்ததா, ஸ்கேன்தான் இடம் மாறியதா என்ற சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும்.

ஆபத்தும் இங்கேதான். முதல் ஸ்கேன் ஃபோவியாவை (மேக்குலாவின் நடுப்புள்ளி) விட்டு விலகியிருந்தால், அடுத்தடுத்த ஸ்கேன்களும் அதே பிழையைச் சுமக்கும். ஆகவே தொடங்கும்போதே ஃபோவியா நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கருவியில் கருவிழி (கார்னியா) வளைவு முன்கூட்டியே 7.7 மி.மீ. என்றே இருக்கும், அதை மாற்றி நோயாளியின் அளவை இடுங்கள். மேக்குலாவின் மேல் 25 ஸ்கேன் கோடுகள் என்றால் அவற்றின் இடைவெளி 240 மைக்ரான், சிறிய நீர்த்தேக்கம் நடுவில் நழுவிவிடும். 49 கோடுகளில் அது 120 மைக்ரான். நேரம் கூடினாலும் இதுவே மேல். படம் மங்கினால் முதலில் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டுச் சிமிட்டச் சொல்லுங்கள். பல சமயம் குற்றவாளி உலர்ந்த கருவிழிதான்.

தடிமன் எண்களை வேறு கருவியோடு ஒப்பிடவே கூடாது. இது விழித்திரைக்கு அடியிலுள்ள புரூக் சவ்வு வரை அளக்கிறது. சர்க்கரை நோய் மேக்குலா வீக்க ஆய்வுகளில், வீக்கம் என்று கொள்ள இந்தக் கருவிக்கான மையத் தடிமன் வரம்பு ஆண்களுக்கு 320, பெண்களுக்கு 305 மைக்ரான். சிரஸ் என்ற வேறொரு ஓசிடி கருவிக்கு 305, 290. கருவி மாறினாலே நோய் முற்றியதுபோலத் தோன்றும்!

நோயைப் பிரித்தறிய, ஆழமான அடுக்குகளைத் தெளிவாகக் காட்டும் ஈடிஐ முறை அருமை. மேக்குலாவின் கீழ் நீர் தேங்கிய நடுவயதுக்காரருக்கு கோராய்டு (விழித்திரைக்குப் பின்னுள்ள ரத்தக் குழாய் அடுக்கு) தடித்திருந்தால், சென்ட்ரல் சீரஸ் என்ற, விழித்திரைக்கு அடியில் நீர் கசியும் நோய் என்ற சந்தேகம் வலுக்கும். விழித்திரை தானே ஒளிர்வதைப் படமெடுக்கும் நீல ஒளி ஆட்டோஃப்ளோரசன்ஸில் செல்கள் அழிந்த பகுதி கறுப்பாகத் தெரியும். மூட்டுவாதம், லூபஸ் நோய்களுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை விழித்திரையைப் பாதிக்கலாம். அதைச் சாப்பிடும் ஆசியர்களுக்குப் பாதிப்பு மேக்குலாவுக்கு வெளியே தொடங்கலாம். அவர்களுக்கு அகலமான படம் கட்டாயம்.

விழித்திரையின் நிறமி அடுக்கு மேலெழுந்த கண்களில், அடுக்குகளின் எல்லையில் கருவி தானாக வரையும் கோடு தடம் புரளும். தடிமனைக் காட்டும் வண்ண வரைபடத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு ஸ்கேனையும் புரட்டி, கோட்டைக் கையால் திருத்துங்கள். முற்றிய கண்புரையிலோ விட்ரியஸ் (கண்ணுக்குள் இருக்கும் கூழ்) ரத்தக்கசிவிலோ இது உதவாது, பி-ஸ்கேன் என்ற அல்ட்ராசவுண்ட் எடுங்கள். மேக்குலா ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் ஓரத்தில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனையை விடவே கூடாது.