விசிடயல் ஆட்டோ டயலர்: நெடுநாள் ஓட்டியபின் தெரிபவை

எண்களைத் தானே அழைத்து, எடுத்தவரை ஏஜென்ட்டிடம் இணைப்பது ஆட்டோ டயலர். ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் மேல் இயங்கும் விசிடயல் என்ற இந்த ஓப்பன் சோர்ஸ் டயலரை யார் வேண்டுமானாலும் நிறுவலாம். ஒழுங்காக ஓட்டுவதுதான் வேலை. நீண்ட காலம் அவுட்பவுண்டு கேம்பெய்ன் நடத்தினால் ஒன்று உறுதியாகிறது: டயல் லெவல், அதாவது ஒரு ஏஜென்ட்டுக்கு ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு போடுவது என்ற எண், கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடம். ஏஜென்ட் சும்மா இருந்தால் டீம் லீடர் முதலில் ஏற்றுவதோ அதைத்தான்.

நாலில் ஒருவர் எடுக்கும் லிஸ்ட், 5 ஏஜென்ட், லெவல் 4 என்று வையுங்கள். 20 அழைப்பு போகிறது. சராசரியாக 5 பேர் எடுப்பார்கள். 7 பேர் எடுப்பதும் அடிக்கடி நடக்கும். அப்போது பேச ஏஜென்ட் இல்லாமல் 2 பேர் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். இதுதான் டிராப். 100 ஏஜென்ட் இருந்தால் அதே கணக்கில் சராசரியாக 100 பேர் எடுப்பார்கள், ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 9 பேருக்குள் அடங்கிவிடும். 10 பேருக்குக் குறைந்த குழுவுக்கு பிரெடிக்டிவ், அதாவது லெவலை டயலரே கணித்து மாற்றும் முறை, வேண்டாம். லெவலை நாமே நிலையாக வைக்கும் ரேஷியோ முறையில் 1 முதல் 1.5 வரை போதும். பெரிய குழுவுக்கு, பிரெடிக்டிவ் முறைகளில் டிராப் வரம்பைத் தொட்டதும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அடாப்ட் ஹார்டு லிமிட்டையே பரிந்துரைப்போம். இன்னொரு முறையான அடாப்ட் டேப்பர்டு ஷிப்டின் முதல் பாதியில் டிராப் வரம்பைத் தாண்ட விடும். காலையில் எடுத்தவர்கள் தலையில்தான் அது விடியும்.

டிராப் வரம்பாக 3% வையுங்கள். அமெரிக்காவின் வணிக ஒழுங்குமுறை ஆணையமான எஃப்டிசியின் விதியும் அதையே சொல்கிறது: மனிதர் எடுத்த அழைப்புகளில் 3%-க்கு மேல் கைவிடக் கூடாது, எடுத்தவர் ஹலோ சொல்லி முடித்த 2 விநாடிக்குள் ஏஜென்ட் வர வேண்டும், குறைந்தது 15 விநாடி அல்லது 4 முறை மணி அடிக்க வேண்டும்.

அந்த 2 விநாடியைத் தின்பது ஏஎம்டி, அதாவது ஆன்சரிங் மெஷினைக் கண்டுபிடிக்கும் பகுதி. எடுத்தவர் பேசியபின் 800 மில்லிவிநாடி மௌனம் வந்தால்தான் 'மனிதர்' என்று முடிவு செய்யும். குழம்பினால் 5000 வரை காத்திருக்கும். இதெல்லாம் ஆஸ்டரிஸ்க்கின் வழக்கமான அமைப்பு. எடுத்துவிட்டு எதிர்முனை பேசட்டும் என்று 2500 மில்லிவிநாடி பேசாமலிருப்பவரையும், நிறுவனப் பெயரை நீட்டிச் சொல்பவரையும் மெஷின் என்று வெட்டிவிடும். அழைக்கப்படுவோரிடம் வாய்ஸ்மெயில் பழக்கம் குறைவென்றால் ஏஎம்டியை அணைத்துவிடுங்கள். ஏஜென்ட்டுக்குச் சில மெஷின் வருவது, பேச வந்த மனிதரை இழப்பதைவிட எவ்வளவோ மேல்.

எடுக்கும் விகிதம் திடீரென விழுந்தால் லிஸ்ட்டைக் குறை சொல்லும் முன் கேரியர் லாக்கில் ஹேங்கப் எண்களை, அதாவது அழைப்பு ஏன் முடிந்தது என்று சொல்லும் குறியீடுகளை, பாருங்கள். 17 பிஸி. 1 என்றால் அப்படியொரு எண்ணே இல்லை. 34 குவிந்தால் டிரங்கில், அதாவது தொலைபேசி நிறுவனத்துக்குப் போகும் இணைப்பில், சானல் காலியில்லை என்று பொருள். அதனால் மணியே அடிக்காத நல்ல எண்களுக்கு முயற்சி வீணாகக் கழிகிறது. அடுத்து அழைக்க வேண்டிய எண்கள் காத்திருக்கும் ஹாப்பர் நிமிடத்துக்கு ஒருமுறைதான் நிரம்பும், ஆகவே அந்த ஒரு நிமிடத்துக்குப் போதுமான எண்கள் அதில் இருக்கட்டும்.

டிஸ்போசிஷனில், அதாவது அழைப்பு முடிந்ததும் ஏஜென்ட் பதியும் முடிவில், அவசரம் ஆபத்து. "இனி கூப்பிடாதீங்க" என்றவரை ஏஜென்ட் 'விருப்பமில்லை' என்று போட்டால், லிஸ்ட்டை மீண்டும் அழைக்க ரீசெட் செய்யும்போது அந்த எண் மறுபடி டயல் ஆகலாம். அதற்கு 'இனி அழைக்காதே' என்ற டிஎன்சி பதிவு மட்டுமே. வாரம் ஒருமுறை 'விருப்பமில்லை' பதிவுகளில் 20 ஒலிப்பதிவாவது கேட்டுச் சரிபாருங்கள்.

இன்னொன்று இடைவேளை. எல்லாரும் ஒரே நேரத்தில் பாஸ் (தற்காலிக நிறுத்தம்) போட்டால், அடித்துக்கொண்டிருக்கும் அழைப்புகளை எடுக்க ஆளில்லாமல் டிராப் எகிறும். 2 நிமிடம் முன்பே லெவலை 1-க்கு இறக்கி, ஏஜென்ட்களை நாலைந்து பேராக அனுப்புங்கள்.